நூல் தட்டுப்படவில்லை: இடம் மாறிய ஒரு காப்பர்-டி

அவர் எங்களிடம் வந்தது, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி ஒன்றைப் புதிதாகப் போட்டுக்கொள்ள. பழையது விழுந்துவிட்டது என்றார். கையில் இருந்த ஸ்கேன் அறிக்கையிலும் கருப்பைக்குள் சாதனம் இல்லை என்றே எழுதியிருந்தது. கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ். நர்ஸ் தட்டைத் தயார் செய்யப் போய்விட்டார். நானும் கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாக ஒன்றைக் கேட்டேன்.

"விழுந்ததைக் கண்ணால பாத்தீங்களாம்மா?"

"இல்ல டாக்டர். நூல் கைக்குத் தட்டுப்படல. ஸ்கேன் பண்ணிட்டு, விழுந்திருக்கும்னு சொன்னாங்க."

அன்றைக்குக் காப்பர்-டி போடவில்லை. எக்ஸ்ரேவுக்கு அனுப்பினோம். அந்தக் கேள்வி விட்டுப்போயிருந்தால், கருப்பைக்குள் ஒன்றும் வயிற்றுக்குள் ஒன்றுமாக இரண்டோடு அவர் வீட்டுக்குப் போயிருப்பார். இதை எழுத அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

வயது 28. இரண்டும் சுகப்பிரசவம். சின்னக் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரசவமாகி எட்டாவது வாரத்தில் வேறொரு இடத்தில் காப்பர்-டி போட்டிருக்கிறார்கள். போடும்போது எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "சுருக்குனு ஒரு வலி. அடிவயிறு இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் சரியாயிடுச்சு" என்றார். போடும்போது வலிப்பது பலருக்கும் உள்ளதுதான். அந்த வலியை மட்டும் வைத்து யாரும் எதையும் சந்தேகப்பட்டிருக்க முடியாது.

போட்டுவிட்ட நர்ஸ் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். நூலைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கையைக் கழுவிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, நடுவிரலை உள்ளே விட்டால் மூக்கு நுனியைப் போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கருப்பைவாய். அதன் நடுவிலிருந்து தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய இரண்டு இழைகள் வெளியே வரும். இவர் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். முதல் வாரத்தில் இரண்டு இழையும் நன்றாகத் தெரிந்தன, விரல் நுனியில் சுற்றிக்கொள்கிற அளவுக்கு நீளம். ஆறாவது வார மறுபரிசோதனையிலும் நூல் தெரிகிறது, எல்லாம் சரி என்றிருக்கிறார்கள்.

இரண்டாம் மாத முடிவில் நூல் எட்டவில்லை. விரலை முழுக்க நீட்டினால்தான் முனை மட்டும் குத்துவதுபோல் பட்டது. மூன்றாம் மாதத்தில் அதுவும் இல்லை. கருப்பைவாய் மட்டும் வழுவழுவென்று இருந்தது.

போட்ட இடத்துக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். நூல் மேலே சுருண்டிருக்கும், பயப்பட வேண்டாம் என்று முதலில் அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் பொறுத்து மறுபடி போனபோது ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பைக்குள் காணோம். சரி, விழுந்துவிட்டது, பீரியட்ஸோடு போயிருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் ஆணுறை பயன்படுத்துங்கள், வேண்டுமானால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் பிரசவத்துக்குப் பிறகு அவருக்கு மாதவிடாய் திரும்பவே இல்லை. சாதனம் போட்ட அன்றும் மறுநாளும் லேசாக ரத்தக்கசிவு இருந்ததோடு சரி. வராத பீரியட்ஸோடு அது எப்படிப் போயிருக்கும்? 36 மில்லிமீட்டர் உயரமும் 32 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பொருள், செம்புக் கம்பி சுற்றியது, வெளியே வந்தால் கழிப்பறையிலோ உள்ளாடையிலோ தெரியாமல் போவதற்கு அதிக ரத்தப்போக்காவது இருக்க வேண்டும். அந்தப் பெண் நூலை அவ்வளவு கவனமாகப் பார்த்துவந்தவர். அவரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை.

வேறு தொந்தரவு ஏதாவது உண்டா என்று துருவிக் கேட்டபோது ஒன்று சொன்னார். குழந்தையை இடுப்பில் தூக்கும்போது இடதுபக்கம் அவ்வப்போது ஊசி குத்துவதுபோல் இருக்குமாம். பிள்ளை தூக்குவதால் வருகிற பிடிப்பு என்று விட்டுவிட்டார். காய்ச்சல் இல்லை, மலம் கழிப்பதில் சிரமம் இல்லை, வெள்ளைப்படுதலில் மாற்றம் இல்லை.

தேடியது

நூல் காணவில்லை என்றால் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கருப்பை வளர வளர நூலை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் கர்ப்பமே நூல் மறைவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கப்போகிறோம் என்பதும் இன்னொரு காரணம். பரிசோதனையை எங்கள் கண்முன் மறுபடி செய்தோம், நெகட்டிவ்.

யோனியை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் கருவியை வைத்துப் பார்த்ததில் நூல் தெரியவில்லை. கருப்பைவாய்க் குழாய்க்குள் மெல்லிய தூரிகையை விட்டு மெதுவாகச் சுழற்றி எடுத்தோம். சுருண்டு கிடக்கிற நூல் பெரும்பாலும் இப்படி இறங்கிவந்துவிடும். வரவில்லை. யோனிவழி ஸ்கேனில் கருப்பை சிறியதாக, பின்பக்கம் சாய்ந்து இருந்தது. உட்புறம் காலி. முந்தைய ஸ்கேன் சொன்னது தவறில்லை. அந்த அறிக்கையிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. கருப்பைக்குள் இல்லை என்று ஸ்கேன் சொல்லும். உடம்பிலேயே இல்லை என்று அது சொல்லாது. குடலும் அதிலுள்ள காற்றும் மறைக்கிற இடங்களில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஸ்கேனுக்கு எளிதில் அகப்படாது.

எக்ஸ்ரேக்கு அது தப்பாது. காப்பர்-டியின் பிளாஸ்டிக்கிலேயே பேரியம் சல்ஃபேட் கலந்திருக்கிறது, படத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே. படம் எடுக்கும்போது இடுப்பு எலும்போடு நிறுத்திவிடாமல் மேலே உதரவிதானம் வரைக்கும் எடுக்கச் சொன்னேன். வெளியேறிய சாதனம் சில சமயம் மேல்வயிறு வரை ஏறியிருக்கும். இடுப்பை மட்டும் எடுத்து, இல்லை என்று எழுதிவிட்டால் மறுபடி அதே கதைதான்.

படம் வந்தது. இடதுபக்கம், இடுப்பெலும்பின் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, சாய்ந்து தலைகீழாக ஒரு வெள்ளை டி. இரண்டு கையும் விரிந்து, தண்டு மேல்நோக்கி. அவரை உள்ளே கூப்பிட்டு விளக்குப் பெட்டியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "நான் நூலு சின்னதாயிட்டே வருதுன்னு அப்பவே சொன்னேன் டாக்டர்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மை.

எப்படி வெளியே போனது

சாதனம் கருப்பைச் சுவரைத் துளைப்பது பெரும்பாலும் போடுகிற நேரத்தில்தான். பிறகு தானாக நடந்து போவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் பாதி துளைத்துச் சுவருக்குள் முனை மாட்டிக்கொண்டால், கருப்பை சுருங்கச் சுருங்க அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படும். நூலும் கூடவே மேலேறும். இவருக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலில் நீளம், பிறகு குட்டை, பிறகு ஒன்றுமில்லை என்று அவர் விரல் எழுதிவைத்த வரிசை அதற்குப் பொருந்துகிறது.

இது அடிக்கடி நடப்பதில்லை. ஆயிரம் பேருக்குப் போட்டால் ஒருவர், இருவர். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்து கிடையாது. ஆறு ஐரோப்பிய நாடுகளில் 61,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வில், போடும் சமயம் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் துளைபடும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு கூடுதலாக இருந்தது. பிரசவமாகி 36 வாரத்துக்குள் போட்டுக்கொண்டவர்களுக்கும் கூடுதல். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவு, கருப்பை சிறுத்து, சுவர் மிருதுவாக இருக்கும். இவருக்கு அதோடு கருப்பை பின்சாய்வு வேறு. எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கையால் பார்க்காமல் நேராகச் செலுத்தினால் முன்சுவரில் போய் இடிக்கும்.

இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கிறவர் யாரும் காப்பர்-டி வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. ஆறு மடங்கு ஆனாலும் மொத்த எண்ணிக்கை ஆயிரத்தில் சிலர்தான். எதிர்பாராத கர்ப்பத்தோடு ஒப்பிட்டால் இது இன்னமும் நல்ல வழி என்றே நான் சொல்வேன். போடுகிறவர் கருப்பையின் நிலையைக் கையால் பார்த்து, அதன் ஆழத்தை அளந்துவிட்டுப் போட வேண்டும். போட்டுக்கொண்டவர் நூல் மாறினால் சொல்ல வேண்டும், கேட்கிறவர் காதுகொடுக்க வேண்டும்.

எடுத்தது

தொந்தரவு பெரிதாக இல்லையே, அப்படியே விட்டுவிடலாமா என்று அவர் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் செம்பு வயிற்றுக்குள் சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள திசுக்களில் அழற்சியைக் கிளப்பி ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். நாள் போகப் போக ஒட்டல் இறுகும், குடலோ சிறுநீர்ப்பையோ சிக்கக்கூடும். தெரிந்தவுடன் எடுத்துவிடுவதே வழக்கம். கருப்பைக்கு வெளியே இருக்கிற காப்பர்-டி கர்ப்பத்தையும் தடுக்காது.

அடுத்த வாரம் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் சிறு துளைகள் போட்டு கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி செய்தோம். குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்புத் தாளான ஒமெண்டம், சாதனத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்தது. வெளியில் தெரிந்தது நூலின் ஒரு முனை மட்டும். ஒட்டலை மெதுவாகப் பிரித்து முழுசாக வெளியே எடுத்தோம். குடலில் காயமில்லை. கருப்பையின் முன்சுவரில் ஆறிப்போன சின்னத் தழும்பு ஒன்று இருந்தது. எடுத்த சாதனத்தை நர்ஸ் காஸ் துணியில் வைத்து, இரண்டு கை, தண்டு, அடியில் உருண்டை, நூல் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு கை ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் எடுத்ததில் அர்த்தமில்லை. எல்லாம் இருந்தது. மறுநாள் வீட்டுக்குப் போனார்.

நூல் சொல்வது

இடம் மாறுவது என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வேறுவேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. துளைத்து வெளியே போவது அபூர்வம். கீழே இறங்குவது அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். முதல் வருடத்தில் நூறு பேரில் 2 முதல் 10 பேருக்குச் சாதனம் முழுதாகவோ பாதியாகவோ வெளியே வந்துவிடும். முதல் மூன்று மாதத்திலும், மாதவிடாய் நாட்களிலும்தான் அதிகம். பிரசவம் முடிந்த கையோடு போட்டுக்கொண்டவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் கூடும்.

கீழே இறங்கினால் நூல் நீளும். இது பலருக்குத் தோன்றுவதில்லை. நூல் காணோம் என்றால் பதறுவார்கள், நூல் நீளமாக இருந்தால் எளிதாகத் தட்டுப்படுகிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். இவர் வந்த அதே மாதத்தில் இன்னொரு பெண் வந்திருந்தார், பீரியட்ஸ் முடிந்து பார்த்தபோது நூல் முன்பைவிட இரட்டிப்பாக இருக்கிறது என்று. அடிவயிற்றில் இடைவிடாத சுருட்டல், நடுநடுவே ரத்தத்துளி. கணவருக்கு ஏதோ குத்துகிறது என்றும் தயங்கிச் சொன்னார். பார்த்தால் கருப்பைவாயில் பிளாஸ்டிக் தண்டின் அடி எட்டிப்பார்த்தது. அந்த நிலையில் இருக்கிற காப்பர்-டியை நம்பிக்கொண்டிருக்க முடியாது. எடுத்துவிட்டு, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, புதிதாகப் போட்டோம். விரலில் நூலுக்குப் பதில் கெட்டியான பிளாஸ்டிக் தட்டுப்பட்டால் அதற்கு ஒரே பொருள்தான், இறங்கிவிட்டது. உள்ளே தள்ளிவிட முயற்சி செய்யாதீர்கள், இழுத்தும் பார்க்காதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீண்பயம் வரும். நூல் இல்லை என்று அழுதுகொண்டே வந்தார். தூரிகையைச் சுழற்றியதும் இரண்டு இழையும் இறங்கிவந்தன. ஸ்கேனில் சாதனம் கருப்பையின் உச்சியில் கச்சிதமாக இருந்தது. நூல் தட்டுப்படாமல் வருகிறவர்களில் பலருடைய கதை இப்படித்தான் முடிகிறது. ஆனால் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால் அது ஊகம்.

வலியும் ரத்தப்போக்கும் குழப்பமான அடையாளங்கள். காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களில் பீரியட்ஸ் கூடுதலாகவும் வலியோடும் வருவது இயல்பு. அதனால் ஒரு நாள் வலியை வைத்து முடிவுக்கு வர முடியாது. நான் கவனிக்கச் சொல்வது மாற்றத்தை. அடங்கியிருந்த வலி மறுபடி கிளம்புவது, உடலுறவின்போது முன்பு இல்லாத வலி, பீரியட்ஸுக்கு நடுவே புதிதாக ரத்தம், அப்புறம் ஹார்மோன் சாதனத்தால் (காப்பர்-டி போலவே கருப்பைக்குள் வைப்பது, செம்புக்குப் பதில் ஹார்மோன் உள்ளது) குறைந்துபோன ரத்தப்போக்கு திடீரென்று பழையபடி வருவது. இந்தக் கடைசி அடையாளம் சாதனம் விழுந்துவிட்டதற்கான குறிப்பாக இருக்கலாம். பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. பெரிய தொந்தரவு எதுவும் இல்லாமலும் சாதனம் நகர்ந்திருக்கலாம், நம் நோயாளிக்கு நடந்ததுபோல.

நெஞ்சுக்கு ஏறிவிடும், மூளைக்குப் போய்விடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. போகாது. கருப்பையைத் தாண்டினாலும் அது தங்குவது வயிற்றுக்குள்தான்.

சாதனம் இடத்தில் இல்லை என்று சந்தேகம் வந்த நாளிலிருந்து வேறு கருத்தடை வேண்டும். கடைசி ஐந்து நாட்களுக்குள் உடலுறவு நடந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி உடனே கேளுங்கள். நாள் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. பாசிட்டிவ் என்று வந்து, கூடவே ஒருபக்க அடிவயிற்று வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி இருந்தால் ராத்திரியா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காப்பர்-டி இருக்கும்போது கர்ப்பமாவதே அபூர்வம். அப்படி ஆனால் அது கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு சாதாரணக் கர்ப்பத்தைவிட அதிகம். காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

மாதவிடாய்க் கப் பயன்படுத்துகிறவர்கள் அதை எடுக்கும்போது விளிம்பை அமுக்கி உறிஞ்சலை விடுவித்துவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் நூலும் சேர்ந்து வரலாம்.

பிறகு

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். காயம் ஆறியிருந்தது, இடதுபக்கக் குத்தல் நின்றுவிட்டது. தாய்ப்பாலுக்குப் பாதகமில்லாத, புரோஜெஸ்டோஜன் ஹார்மோன் மட்டும் உள்ள கருத்தடை மாத்திரையை எடுத்துவந்தார். எடுத்த சாதனத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். சின்னக் குப்பியில் வைத்திருந்தோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் தொங்கிய இழைகளை விரலால் சுட்டிக்காட்டி, "இதுதான் நூலா? நான் தொட்டது இதுதானா?" என்றார். ஆமாம் என்றேன்.

இனி மறுபடி போட்டுக்கொள்ளலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஒருமுறை துளைபட்டது தடையில்லை, தழும்பு நன்றாக ஆறட்டும், பால் மறந்த பிறகு வேண்டுமென்றால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே போடலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார்.

எங்கள் பதிவேட்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. சாதனம் விழுந்துவிட்டது என்று யார் வந்தாலும், விழுந்ததை நேரில் பார்த்தவர் யார் என்று அந்த இடத்தில் எழுத வேண்டும். அது காலியாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் அடுத்த காப்பர்-டி உறையைப் பிரிப்பதில்லை.